பிளாக்: ஒரு சொல்லும் பல பொருளும்

இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவர்க்கு மொழிபெயர்ப்புத் தாளை நடத்தும் பொறுப்பு சில ஆண்டுகளாக அடியேனிடம் உள்ளது. ஒருமுறை, வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் வட்டாட்சியருக்கு எழுதுவதாக அமைந்த அலுவலகக் கடிதமொன்றைக் கொடுத்து, அதனை ஆங்கிலப்படுத்துமாறு பணித்தேன். மாணவர் ஒருவர் வட்டாரம், வட்டம் ஆகிய இரண்டையுமே ‘பிளாக்’ என்று பெயர்த்திருந்தார். கடிதத்தை எழுதியவரும் பிளாக் அதிகாரி, பெற்றவரும் பிளாக் அதிகாரி. தம் கடிதத்தைத் தாமே பெற்றுக்கொண்டவர் போலாயிற்று அலுவலரின் நிலை! வகுப்பு சிரித்தது. அம்மாணவரோ சற்றும் அசையாமல், “ஐயா, எங்கள் ஊரில் பிளாக்குக்கு வட்டம் என்றுதான் பெயர். பேருந்திலும் அப்படித்தான் சொல்வார்கள், கடித உறையிலும் அப்படித்தான் எழுதுவார்கள்” என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. நானும் அவ்வூரிலே வளர்ந்தவன். அவ்வூர் நெய்வேலி.

அம்மாணவர் செய்தது தவறுதான். எனினும் அத்தவற்றுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. நாள்தோறும் நம் வாயில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘பிளாக்’ என்பது ஒன்று. எளிய சொல் என எண்ணி நாம் அதை அகராதியில் தேடுவதில்லை. தேடாத சொல்லே பெரும்பாலும் நம்மை இடறச் செய்கிறது. இச்சொல்லின் பிறப்பையும் பொருள் விரிவையும், தமிழில் அது வழங்கும் நெறியையும் மாணவர் அறிந்துகொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இடையே என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் தோற்றுவிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு முதற் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல்மின் நிலையத்தில் மின்னாக்கம் தொடங்கியது. 2016 முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என வழங்குவது இதுவே. முந்திரியும் கரம்பும் கிடந்த செம்மண் பரப்பில், பணியாளர் குடியிருக்கத் திட்டமிட்ட நகரியம் ஒன்று எழுந்தது. அகன்ற சாலைகள், இருமருங்கும் மரங்கள், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். நகரியத்தை முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அப்பகுதி ‘பிளாக்’, தமிழில் ‘வட்டம்’. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் கொண்டு தம்மை அறிவித்துக்கொண்ட மக்கள், இங்கு வந்தபின் எண்ணால் அறிவித்துக்கொள்ளத் தொடங்கினர். “நீங்கள் எத்தனையாவது வட்டம்?” என்பதுதான் நெய்வேலியில் இருவர் சந்தித்தால் எழும் முதல் வினா.

வட்டம் என்று பெயரே தவிர, அப்பகுதிகள் வட்டமானவை அல்ல. சாலைகளால் சதுரம் சதுரமாக வகுக்கப்பட்டவை. நேர்க்கோடுகளால் ஆன ஒன்றுக்கு வட்டம் என்று பெயரிட்டவர் யாரோ, அறியேன். ஆயினும் அவரைக் குறைகூற இயலாது. ‘வட்டம்’ என்பதற்கு நிலப்பகுதி என்ற பொருளும் தமிழில் நெடுங்காலமாக உண்டு.

இனி இடர்ப்பாட்டைக் காண்போம். தமிழக அரசு ஆட்சித்துறையில் ‘தாலுகா’ என்பதை வட்டம் என்றும், தாசில்தாரை வட்டாட்சியர் என்றும் வழங்குகிறது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஊர்களைத் தொகுத்து அமைக்கப்பட்ட பிரிவுக்கு ஆங்கிலத்தில் பிளாக் என்று பெயர். அந்தப் பிளாக்கை நம்மவர் வட்டாரம் என்றனர். அதனால்தான் வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்னும் பதவிப் பெயர்கள் வழங்குகின்றன. அதே பிரிவுக்கு மக்களாட்சி அமைப்பு என்ற நிலையில் ஊராட்சி ஒன்றியம் என்ற பெயரும் உண்டு. நெய்வேலியைச் சூழ்ந்துள்ள குறிஞ்சிப்பாடியை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சிப்பாடி வட்டம் வேறு. குறிஞ்சிப்பாடி வட்டாரம் வேறு. முன்னது வருவாய்த்துறையின் பிரிவு, பின்னது வளர்ச்சித்துறையின் பிரிவு. இரண்டின் எல்லைகளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. நெய்வேலி நகரியத்து ‘வட்டம்’ இவ்விரண்டினும் வேறான மூன்றாவது பொருள். வருமானச் சான்றிதழுக்கான படிவத்தில் ‘வட்டம்’ என்று அச்சிட்டிருக்கும் கட்டத்தில் ‘18’ என்று எழுதிவிட்டு வந்த இளைஞர்களை நான் அறிவேன். இளமையில் நானும் அவ்வாறு எழுதியவனே. பொறுமையான எழுத்தர் ஒருவர் அதை அடித்துத் திருத்திக் கொடுத்தார்.

ஓர் இந்திய ஒப்புமையும் நினைக்கத்தக்கது. இதே வளர்ச்சிப் பிளாக்கைப் பீகாரில் ‘பிரகண்ட்’ என்றும் உத்தரப்பிரதேசத்தில் ‘விகாஸ் கண்ட்’ என்றும் இந்தியில் வழங்குகின்றனர். கண்டம் என்பது துண்டு. நாம் வட்டத்தைப் பிடித்தோம், அவர்கள் துண்டைப் பிடித்தார்கள். ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளுக்கு அவர்களே சற்று அருகில் நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வேர்ப்பொருள் யாது? ‘பிளாக்’ என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. டச்சு மொழியின் பழைய வடிவில் ‘பிளொக்’ என்பது வெட்டிய அடிமரத்தை, மரக்கட்டையைக் குறித்தது. அது பிரெஞ்சு மொழியில் புகுந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பொருள் மரக்கட்டை. இறைச்சி வெட்டும் அடிமரமும், தலை கொய்வதற்குத் தாங்கலாக வைத்த கட்டையும் அப்பெயர் பெற்றன. பின்னர், மரமாயினும் கல்லாயினும் பனிக்கட்டியாயினும், திரண்டு பெரிதாய் முகங்கள் செவ்வையாய் அமைந்த துண்டு எதுவும் பிளாக் ஆயிற்று. அப்பொருளிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. துண்டு துண்டாகப் பகுத்தது என்ற கருத்திலிருந்து கட்டடத் தொகுதி, தெருக்களுக்கு இடைப்பட்ட மனைத்தொகுதி, நிலப்பகுதி, ஊர்த்தொகுதி ஆகியன பிறந்தன. வழியின் குறுக்கே கட்டையைப் போட்டால் வண்டி செல்லாது என்ற கருத்திலிருந்து தடை, அடைப்பு, மறிப்பு ஆகியன பிறந்தன. ஒரு கிளை வகுக்கிறது. மற்றொரு கிளை தடுக்கிறது.

இவ்விடத்தில் மாணவர்கள் நம் ‘கட்டை’ என்னும் சொல்லை நினைவுகூர வேண்டும். மரத்துண்டு கட்டை. தேர்ச்சக்கரத்தின் அடியில் இட்டு அதன் ஓட்டத்தை அடக்கும் மரத்துண்டு முட்டுக்கட்டை. பின்னர் எச்செயலுக்கும் நேரும் தடையை முட்டுக்கட்டை என்றோம். படம் அச்சிட உதவிய பிளாக் நமக்கு அச்சுக்கட்டை. அறிவு மந்தமானவனை ஆங்கிலேயர் ‘பிளாக்ஹெட்’ என்பர். நாம் ‘மரமண்டை’ என்கிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதன்று. மரத்தோடு வாழ்ந்த மக்கள் எங்கிருந்தாலும் மரத்தைக் கொண்டே சிந்தித்திருக்கிறார்கள் போலும். ஆயினும் கட்டைக்குத் தமிழில் உள்ள வீச்சு பிளாக்குக்கு ஆங்கிலத்தில் இல்லை. ஆர்மோனியத்தின் ஐந்து கட்டைச் சுருதியையும், முதியவர் தம் உடலையே ‘இந்தக் கட்டை’ என்று சொல்வதையும் எந்தப் பிளாக்கைக் கொண்டு பெயர்ப்பது?

ஊரைப் பற்றிய பொருத்தம் ஒன்றும் உண்டு. பழுப்பு நிலக்கரிக்கு வழங்கும் ‘லிக்னைட்’ என்ற பெயர், மரம் என்னும் பொருள்படும் ‘லிக்னும்’ என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் மண்ணுள் புதைந்த மரஞ்செடிகளே இன்று கரியாய் வெட்டப்படுகின்றன. சிறுவயதில் நாங்கள் கையில் எடுத்துப் பார்த்த சில கட்டிகளில் மரத்தின் வரிகள் தெளிவாகத் தெரியும். அடியில் இருப்பதும் மரம். மேலே நாங்கள் குடியிருந்த பிளாக்கும் சொற்பிறப்பால் மரம்!

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். மெய்ம்மயக்கம் மொழிக்கு முதலில் வருவது தமிழ் மரபன்று. ஆதலின் பகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே இகரம் தோன்றிப் ‘பிளாக்’ என்றாயிற்று. பஞ்சாபி பேசுவோரும் தம் எழுத்தில் அகரம் தொனிக்கும்படி ‘பலாக்’ என்பதுபோல் எழுதுவர். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கறுப்பு என்னும் பொருளுடைய மற்றோர் ஆங்கிலச் சொல்லை அவர்கள் ‘பலைக்’ என்பதுபோல் வேறு உயிர்க்குறி இட்டு வேறுபடுத்திவிடுவர். நமக்கு அவ்வுயிரொலிகள் இரண்டுக்கும் ஆகாரம் ஒன்றே கிடைக்கிறது. எனவே தமிழில் எழுதும்போது கட்டையும் ‘பிளாக்’, கறுப்பும் ‘பிளாக்’. திரையரங்க வாயிலில் ‘பிளாக்கில்’ சீட்டு விற்றவன் கறுப்புச் சந்தைக்காரன். நெய்வேலியில் ‘பிளாக்கில்’ பால் விற்றவர் நேர்மையான பால்காரர். போதாக்குறைக்கு, 1990களின் இறுதியில் பிறந்து தமிழில் ‘வலைப்பூ’ என்று அழகிய பெயர் பெற்ற இணைய நாட்குறிப்புச் சொல்லும் நம் எழுத்தில் அதே வடிவையே கொள்கிறது. அது ‘லாக்’ என்னும் சொல்லின் வழிவந்தது. கப்பலின் வேகத்தை அளக்கக் கடலில் எறிந்த மரக்கட்டைக்கு அப்பெயர் இருந்தது. அவ்வேகத்தைப் பதிந்த ஏடும் அப்பெயரே பெற்றது. ஆக, அதன் அடியிலும் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. கறுப்பு மட்டுமே இம்மரக் குடும்பத்தைச் சேராத அயலான்.

பல பொருள் ஒரு சொல்லில் அடங்கியிருந்தால் பொருளைத் துணிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் மேனாட்டு மொழியியலாரிடம் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல், வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல் என இதனை இரண்டாகப் பகுக்கிறார். முன்னதில், சொல்லோடு வரும் வினையாலும், உடன் நிற்கும் இனத்தாலும், சூழ்ந்த சார்பாலும் பொருள் தெளிவாகும் என்கிறார். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா பாய்ந்தது’ என்றால் விலங்கு. வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பின்னதாகிய ‘மா வீழ்ந்தது’ என்பதில் வினை உதவாது. மரமும் விழும், விலங்கும் விழும். அவ்விடத்தில் சொல்பவர் இன்னது என்று வெளிப்படக் கிளந்து சொல்லவேண்டும் என்பது ஆசிரியர் கருத்து.

இதனைப் பிளாக்குக்குப் பொருத்திப் பார்ப்போம். ‘குழாய் பிளாக் ஆகிவிட்டது’ என்றால் அடைப்பு. ‘இரண்டாவது பிளாக்கில் தேர்வு நடக்கிறது’ என்றால் கட்டடம். ‘ஹாலோ பிளாக் வைத்துச் சுவர் எழுப்பினார்’ என்றால் உள்ளீடற்ற சிமெண்டுக் கல். ‘பெயரைப் பிளாக் லெட்டரில் எழுதுக’ என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தனித்தனியே எழுதுக என்பது. தமிழுக்கு அவ்வேற்றுமையே இல்லாததால், தமிழ்ப் படிவங்களில் அந்த அறிவுரையை மொழிபெயர்க்க முயல்வது வீண். இவையெல்லாம் வினையாலும் இனத்தாலும் விளங்குவன.

துணைவினையின் தொழில் இன்னும் நுட்பமானது. ‘உனக்காக ஓர் இருக்கையைப் பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன்’ என்பவர் நண்பர். ‘உன் எண்ணைப் பிளாக் பண்ணிவிட்டேன்’ என்பவர் நட்பை முறித்தவர். முன்னதில் பிறர் வராதபடி உனக்கென ஒதுக்கல். பின்னதில் நீ வராதபடி ஒதுக்கல். ஆங்கிலத்தில் ஒரே வினை இரண்டுக்கும் வருகிறது. தமிழிலோ ‘வை’ என்பதும் ‘விடு’ என்பதும் பொருளைப் பிரித்துத் தருகின்றன. ஆங்கிலச் சொல்லை எவ்வளவு கடன் வாங்கினாலும், அதை இயக்கும் பொறுப்பைத் தமிழ் இலக்கணம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இருப்புப்பாதைத் துறையில் வழங்கும் பொருளை மாணவர் பலர் அறியார். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையைப் பகுதிகளாக வகுத்து, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே செல்லலாம் என வரையறுப்பர். அப்பகுதி ‘பிளாக் செக்‌ஷன்’. கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதையில் நெய்வேலி நிலையத்தில் வண்டி காரணமின்றி நிற்பதாக நாம் சலித்துக்கொள்ளும்போது, முன்னுள்ள பகுதி விடுபடுவதற்காக அது காத்திருக்கக்கூடும். வகுத்தலும் தடுத்தலும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் இது. பாதையைப் பழுதுபார்க்கப் போக்குவரத்தை நிறுத்தினால் அதுவும் பிளாக்தான். சுரங்கத்திலோ, வாளிகள் பொருத்திய சக்கரத்தைக் கொண்ட பேரகழ்பொறி ஓரிடத்தில் நின்று படிப்படியாய் வெட்டி எடுக்கும் மண்பகுதிக்கும் பொறியாளர் இப்பெயர் இடுவர்.

அரசியலில் நாடுகளின் கூட்டணியைக் குறிப்பது எழுத்தில் சிறிது வேறுபட்டு, பிரெஞ்சு வடிவிலேயே ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. ஒலி ஒன்றே. ‘சோவியத் பிளாக்’ என்பதைச் ‘சோவியத் முகாம்’ என்றோ ‘அணி’ என்றோ பெயர்த்தல் தகும். வட்டாரம் என்று எழுதிவிட வேண்டாம்.

2023ஆம் ஆண்டு நம் மாவட்டங்களில் இச்சொல் ஒரு கலக்கத்தையே உண்டாக்கியது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்னும் மூன்று ‘பிளாக்’குகள் இடம்பெற்றிருந்தன. கடலூர், அரியலூர், தஞ்சாவூர் மாவட்டங்களைச் சார்ந்தவை அவை. சுரங்க ஏலத்தில் பிளாக் என்பது, கரி இருப்பதாகக் கருதி வரைபடத்தில் எல்லை குறிக்கப்பட்ட நிலப்பரப்பு. அது சுரங்கமும் அன்று, ஊராட்சி ஒன்றியமும் அன்று. ஆனால் அந்த எல்லைக்கோட்டின் உள்ளே வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, குடியிருப்பு இருக்கிறது, அடக்கத்தலமும் இடுகாடும் இருக்கின்றன. வளர்ச்சி அலுவலகம் என்ற பொருளில் மட்டுமே அச்சொல்லை அறிந்திருந்த உழவருக்கு, தம் ஊர்ப்பெயரோடு ஒட்டி வந்த ‘பிளாக்’ என்ன சொல்கிறது என்பது முதலில் எங்ஙனம் புலப்படும்? செய்தித்தாள்கள் ஒன்றில் சுரங்கம் என்றும், ஒன்றில் வட்டாரம் என்றும், ஒன்றில் தொகுதி என்றும் எழுதின. காவிரிப் படுகைப் பகுதிகளுக்கென 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சட்டப்பேரவையில் ஏப்ரல் 5ஆம் நாள் எல்லாக் கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மூன்று நாளில், ஏப்ரல் 8ஆம் நாள், அம்மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். இதனை ‘அகழ்வு நிலப்பகுதி’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து. ‘நிலம்’ என்ற சொல் அதில் இருப்பது நலம். கரி மட்டும் ஏலத்துக்கு வருவதில்லை அல்லவா?

இனி, சொல்வதாக முன்னர்க் குறித்த நிகழ்ச்சி.

என் அத்தா அனல்மின் நிலையத்தில் மின்பிரிவுப் பணியாளராக இருந்தவர். பணிக்காலம் முழுதும் பதினெட்டாம் வட்டத்தில் குடியிருந்தோம். ஓய்வுபெற்றபின் வீட்டை ஒப்படைத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் சிறியதொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் வைகறைத் தொழுகைக்கு ஒளூச் செய்யும்போது தலை சுற்றி விழுந்துவிட்டார். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். இதயத்துடிப்பை வரைந்து பார்த்தபின், அங்கிருந்த செவிலியப் பெண்மணி கனிவாக, “பாய், உங்களுக்குப் பிளாக் இருக்கு, தெரியுமா?” என்றார். அத்தா கண்ணைத் திறந்து, “பதினெட்டும்மா. இப்ப காலி பண்ணிட்டோம்” என்றார்.

அந்தப் பெண்மணி திகைத்தார். நாங்கள் அழுகையினிடையே சிரித்தோம். ஆனால் அடுத்து நடந்தது சிரிக்கத்தக்கதன்று. ‘பிளாக்’ என்ற செய்தி அன்று மாலைக்குள் உறவினர் எல்லோருக்கும் பரவியது. நம்மிடையே இதயத்தில் பிளாக் என்றால் இரத்தக் குழாயில் கொழுப்படைப்பு என்றுதானே பொருள்? பூண்டும் எலுமிச்சையும் காய்ச்சிக் குடித்தால் கரையும் என்றார் பெரியத்தா. கம்பிவலை வைக்கச் சொல்வார்கள், இணங்காதே என்றார் மாமா. கருவி பொருத்த இசைவுக் கையொப்பம் கேட்டபோது, “அடைப்புக்கு எதற்குக் கருவி?” என்று ஐயுற்று, அன்றிரவு முழுவதும் நாங்கள் கையொப்பம் இடவில்லை. குடும்பத்தில் படித்தவன் என்று பெயர் எடுத்த நானும் ஆங்கில அறிக்கையில் ‘ஹார்ட் பிளாக்’ என்று இருந்ததைப் படித்துவிட்டு, அடைப்புத்தான் என்று உறுதி கூறினேன்.

உண்மை வேறு. மருத்துவ ஆங்கிலத்தில் ‘ஹார்ட் பிளாக்’ என்பது குழாயடைப்பு அன்று. இதயத்தின் மேலறையில் தோன்றித் துடிப்பை நடத்தும் மின்தூண்டல், கீழறைக்குச் செல்லும் வழியில் தாமதப்படுவதும் தடைப்படுவதுமே அது. அதனால் துடிப்பு தளரும், தலை சுற்றும், மயக்கம் வரும். முற்றிய நிலையில் துடிப்பை ஒழுங்குறச் செலுத்தும் ‘பேஸ்மேக்கர்’ என்ற சிறுகருவியைப் பொருத்துவர். நாம் வழக்கில் பிளாக் என்பதை ஆங்கிலத்தில் தமனியோடு சேர்த்து, அடைபட்ட தமனி என்றோ ‘பிளாக்கேஜ்’ என்றோ கூறுவர். அதற்கு மருத்துவம் வேறு. கம்பிவலையும் மாற்றுவழி அறுவையும் அதற்குரியன. ஒரே சொல்லால் குறிக்கப்பட்ட இரு நோய்கள். மருந்துகள் முற்றிலும் வேறு. மேலே காட்டிய ‘மா வீழ்ந்தது’ போன்றதே ‘பிளாக் இருக்கு’ என்பதும். ‘இருத்தல்’ என்னும் வினை வீட்டுக்கும் பொருந்தும், அடைப்புக்கும் பொருந்தும், மின்தடைக்கும் பொருந்தும். கிளந்து சொல்லாதவரை விளங்காது. கேட்டவராகிய நாங்களும் கிளந்து சொல்லுமாறு கேட்கவில்லை.

மறுநாட்காலை மருத்துவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, “இது குழாய், இது கம்பி. குழாய் நன்றாக இருக்கிறது. கம்பியில்தான் சிக்கல்” என்றார். எங்களுக்கு விளங்குமுன் அத்தாவுக்கு விளங்கிவிட்டது. “அப்ப பைப்பு இல்லை தம்பி, வயரிங். லைன்ல சப்ளை கீழே போகலை. சைன் பண்ணுப்பா” என்றார் என் இளவலிடம். முப்பதாண்டு மின்பிரிவில் உழைத்தவருக்கு ஒரு வரிப்படம் போதுமானதாக இருந்தது. அன்றே கருவி பொருத்தப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் நலமாக இருந்தார். தம் நெஞ்சின் இடப்புறம் புடைத்திருந்த அதனைத் தொட்டுக் காட்டி, “பதினெட்டுல இருந்தப்ப கரண்டு கட்டே கிடையாது” என்று பேரர்களிடம் சொல்வது அவர் வழக்கமாயிற்று.

தமிழில் எழுதும் மருத்துவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரத்தக் குழாய்க்கு ‘அடைப்பு’ என்றும், மின்தூண்டலுக்குத் ‘துடிப்புத் தடை’ என்றும் இரு சொற்களைப் பிரித்து வழங்கினால் நோயாளியின் வீட்டார்க்கு ஓர் இரவு மிச்சமாகும். வலி தெரியாதிருக்க நரம்பில் மருந்து செலுத்துவதையும் ஆங்கிலத்தில் ‘நெர்வ் பிளாக்’ என்பர். அது நோயே அன்று, நோவைத் தடுப்பது. அதனைக் கேட்டு யாரும் அஞ்சவேண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்க்கு இரு குறிப்புகள். குழாயிலோ வடிகாலிலோ ஏற்படும் அடைப்பைக் குறிக்கும்போது பெயர்ச்சொல்லாகப் ‘பிளாக்கேஜ்’ என்பதே பெரும்பாலும் பொருந்தும். ‘பிளாக்’ என்று மட்டும் எழுதினால் அங்கே ஒரு கல்லோ கட்டையோ கிடப்பதாகத் தோன்றும். அமெரிக்கர் ஒருவர், கடை இரண்டு பிளாக் தொலைவில் உள்ளது என்றால், இரண்டு குறுக்குத்தெருக்களைக் கடந்து நடக்கவேண்டும் என்று கொள்க. நெய்வேலிக் கணக்கில் கொண்டால் மிதிவண்டி தேவைப்படும்.

இவ்வாண்டு மூன்றாமாண்டு மாணவர்க்குக் கொடுத்துள்ள பயிற்சியை இங்கும் தருகிறேன். பிளாக் என்ற சொல்லே வராமல் பின்வருவனவற்றை நல்ல தமிழில் எழுதுக: ‘பிளாக் ஆபீசுக்குப் போகிற வழியில் ரோடு பிளாக்.’ ‘ஏ பிளாக்கில் ரூம் பிளாக் பண்ணி வை.’ ‘பிளாக்கில் வாங்கின டிக்கெட் என்று தெரிந்ததும் என்னைப் பிளாக் பண்ணிவிட்டான்.’ ‘டாக்டர் பிளாக் இருக்கு என்கிறார்.’ கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்குமுன் மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாவையும் சேர்த்து எழுதுக. நெய்வேலியிலிருந்து வரும் மாணவர்கள் தம் முகவரியில் ‘வட்டம்’ என்பதை இருமுறை எழுதி, எது எதைக் குறிக்கிறது என்பதையும் அடியில் குறித்துக்காட்டுக.